அறுபத்தொன்று

பிரெயிலாவில் மழை.
டான்யூப் கரையில் பாதி கட்டி நிற்கும் கப்பலிலிருந்து
இன்றைய படங்கள் வந்துவிட்டன.
அறையை இருட்டாக்கி
விளக்குப் பெட்டியின்மேல் ஒவ்வொன்றாய் வைக்கிறேன்.
இரும்புக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்றால்
என் தங்கை மகன் கேட்கிறான்,
அதுக்கு எங்க வலிக்குமாம்?
ஒட்டுப்போட்ட இடத்தில், வேறெங்கே.

வெல்டர்களுக்கு என்னிடம் முகம் கிடையாது, எண்தான்.
பதினேழு: இருபத்தாறு வருஷக் கை.
அவர் கோடு இஸ்திரி மடிப்பு.
முப்பத்தெட்டு திங்கட்கிழமைகளில் சற்றே தள்ளாடும்.
அறுபத்தொன்று புதிது.

ஸெனோவியா புர்லாக்கு.
போன வருஷம்வரை டிராம் டிப்போவில் கணக்கெழுதியவள்.
நகராட்சிப் பயிற்சியில் படித்தாள்:
எட்டே வாரம், சான்றிதழ் உண்டு, கையுறை இலவசம்.
கூடப் படித்தவர்கள் பதினான்கு பேர்.
இங்கே வந்தது நான்கு.
மூன்றாம் நாளே ஒருவன் கையுறையைத் திருப்பிக் கொடுத்து
டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டான்.
"எட்டு வாரத்தில் முள்ளங்கிதான் வரும்" என்று
கேன்டீனில் நெக்குலாய்
சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.
மேசை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், ரொட்டி தொண்டையில் இருக்க.

முதல் வாரப் படங்களில்
கடுகு சிதறினாற்போல் காற்றுத் துளைகள்.
சிவப்புப் பென்சிலால் எழுதினேன்: வெட்டு. மறுபடி போடு.
இரண்டாம் வாரம் கசடு, ஒரு மெல்லிய கருங்கோடு.
வெட்டு. மறுபடி போடு.
மூன்றாம் வாரம் கிடைத்தட்டு வேலைகள் எல்லாம்
குறை சொல்ல இடமில்லாமல் வந்தன.
எனக்கு எரிச்சல்கூட வந்தது.
ஐம்பத்தொன்பதும் அறுபதும் இன்னும் கடுகுதான்.
ஒரே கூடம், ஒரே எட்டு வாரம்.

அந்தக் கூடத்தில் காற்று இல்லை.
தகடு துடைத்து வைத்தது, மேசை இடுப்பளவு,
தேநீர் பதினொன்றுக்கு.
கப்பலுக்கடியில் மல்லாந்து படுத்து
முகத்துக்கு நேரே நெருப்பைத் தைக்க
அங்கே ஒதுக்கியது இரண்டு பிற்பகல்.
அதில் ஒன்று மின்வெட்டில் போயிற்று என்று கேள்வி.
காலருக்குள் பொறி விழும்போது
கையை எடுக்காமலிருப்பது எந்தப் பாடத்தில்?

சொல்லிவிடுகிறேன்,
நான் இந்த நாற்காலிக்கு வந்தது பத்து நாள் வகுப்பில்.
கான்ஸ்டன்ட்ஸாவில், கடல் தெரியாத ஒரு ஹோட்டல்,
நாற்பது படங்கள், பேருக்கு ஒரு பரீட்சை.
முதல் மாதம்
படத்தில் விழுந்த நகக்கீறலை விரிசல் என்றெழுதி
பதினேழின் நல்ல தையலை வெட்ட வைத்தேன்.
வெட்டிய துண்டை என் மேசையில் எறிந்து
நான் பிறந்த நேரத்தைத் திட்டினார்.
உள்ளே ஒரு குறையும் இல்லை, புது நாணயம்போல்.
இன்றும் என் தாள்கள் பறக்காமல்
அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது.

இன்று அறுபத்தொன்றின் தலைக்குமேல் வேலை.
நாற்பத்துநான்காம் விலாச்சட்டத்தருகே
ஒரு நிழல்.
பூதக்கண்ணாடி வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
குறையா, படம் கழுவியதில் நின்ற கறையா?
ஒன்பது வருஷமாய்ப் பார்த்த கண்
வாயைத் திறக்க மறுக்கிறது.
பென்சிலை வைத்துவிட்டு
மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போனேன்.
விதிப்படி நான் போக வேண்டியதில்லை.

அடிவயிற்றில் ஒரு பலகைமேல் படுத்திருந்தாள்.
முகமூடி நெற்றிக்கு ஏறியிருந்தது.
கழுத்தில் சின்னச் சின்னத் தீப்புள்ளிகள்.
நான் எண்ணைச் சொல்லி இடம் தேடுவதற்குள்
டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது
அவள் முன்னமே சாக்பீஸால் போட்டிருந்த வட்டம்.
"அங்க கை ஆடிச்சு. உங்க படத்துல வந்துச்சா?"

என் குறிப்பின்படி
நிழல் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.
சொன்னேன்.
அவள் கொஞ்சம் நகர்ந்து
பலகையில் எனக்கு இடம் விட்டு
சாக்பீஸை நீட்டினாள்.
"நீங்களும் ஒண்ணு போடுங்க.
ரெண்டையும் வெட்டிப் பாத்துடலாம்."